நேரில் வந்து சொல்லட்டும்

"ஆபீஸ்ல என்னையப் பாத்தா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத."

நாரணாபுரம் பஸ் நிறுத்தத்தில் வைத்து அண்ணன் அப்படிச் சொன்னபோது வேல்விழிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"ஏன்ணே, நான் அம்புட்டு மோசமாவா இருக்கேன்?"

"நீ நல்லாத்தான் இருக்க. நான்தான் கம்பத்துல தொங்கிக்கிட்டு இருப்பேன். ஆபீசரம்மாவோட அண்ணன் காண்ட்ராக்ட்டுல கூலிக்கு நிக்கான்னு நாலு பேரு பேசணுமா?"

"பேசினாப் பேசட்டும்."

"உனக்கு ஒண்ணுமில்ல. தங்கச்சிகிட்டச் சொல்லி நெழல்ல வேலை வாங்கிட்டான்னு என்னையத்தான் சொல்லுவானுக. வேண்டாம் புள்ள. நான் மேடம்னு கூப்பிடுதேன். நீ ஏய்னு கூப்பிட்டாலும் சரி."

"ஏய்னு கூப்பிட்டா வீட்டுல வந்து மண்டையில கொட்டுவியே."

"அது வீட்டுல. நான் சொல்லுதது ஆபீஸ்ல."

பஸ் வந்தது. பாண்டிராஜ் முன்வாசலில் ஏறினான். வேல்விழி பின்வாசலில் ஏறினாள். டிக்கெட் கூடத் தனித்தனியாகத்தான் வாங்கினார்கள்.

அது போன ஆடி மாதம். மின்சாரக் கம்பெனியின் பட்டதாரிப் பயிற்சிக்கு வேல்விழி சேர்ந்த முதல் நாள்.

இந்த ஒரு வருஷத்தில் அவள் பட்டது கொஞ்சமில்லை. புகார் மேஜையில் உட்கார்ந்து ஊரார் திட்டை வாங்கியது, மீட்டர் சோதனைக் கூடத்தில் கை பொத்துப் போனது, வேலிக்கருவேல முள்ளுக்குள் லைன் வழியே நடந்து புதுச் செருப்பு ஒரே வாரத்தில் பிய்ந்தது. பட்டாசு ஆலையில் கூலி வேலை பார்க்கும் சீனிச்சாமிக்கும் அய்யம்மாளுக்கும் பிறந்தவள், சுடிதாருக்கு மேல் காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு சைட்டில் நிற்பதை நாரணாபுரமே வேடிக்கை பார்த்தது.

பாண்டிராஜ் வாக்குத் தவறவில்லை. ஒரு வருஷமும் "மேடம்" தான். வீட்டில் மட்டும் அவன் நாக்கு சும்மா இருக்காது. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பான். "ஏ புள்ள, மழை நேரம் லைன் தானா ஆஃப் ஆகி தானா வருதே, அது எதுக்குன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா, இல்ல அதுவும் எங்களைத்தான் கேக்கணுமா?" அவள் அதைச் செய்யும் ரிலேயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், "போதும் போதும், எங்களுக்கெதுக்கு" என்று கையை உதறுவான். ஆனால் தட்டில் கை காய்ந்துபோகும்வரை எழுந்திருக்க மாட்டான்.

பிளஸ் டூவில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவன் அவன். அந்த வருஷம்தான் ஆலையில் மருந்து தீப்பற்றி அப்பாவின் இரண்டு கையும் வெந்துபோயின. "எனக்குப் படிப்பு ஏறல" என்று சொல்லிவிட்டுக் கம்பம் ஏறப் போனவன், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. வீட்டில் வேறு யாரும் எடுத்ததும் இல்லை.

இன்று வேல்விழிக்குக் கடைசிப் பரீட்சை.

பேப்பரில் எழுதுகிற பரீட்சை இல்லை. ஆமத்தூர்ப் பக்கத்துத் துணைமின் நிலையத்தில் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தம். நிறுத்துவதும், வேலை முடிந்ததும் திரும்ப விடுவதும் அவள் பொறுப்பு. சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். பிசகினால் இன்னும் ஆறு மாதம் பயிற்சி. அதற்குமேல் என்ன என்று யாரும் சொல்வதில்லை.

"பதட்டப்படாத," என்று காலையில் அய்யம்மாள் தூக்குவாளியை நீட்டினாள். "பயராபீஸ்ல பட்டாசு மருந்து அள்ளும்போது நான் எப்படி இருப்பேன்? பக்கத்துல இடி விழுந்தாலும் கை ஆடாது. அப்படி இரு."

"நீ இப்படிச் சொன்னாத்தாம்மா பதட்டமா வருது."

"அப்ப தயிர்ச்சோறு வச்சிருக்கேன், தின்னுட்டு இரு."

*

கட்டுப்பாட்டு அறையில், அவளுக்கு மார்க் போட வேண்டிய உதவிச் செயற்பொறியாளர் கனகசபாபதி ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்திருந்தார்.

"நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கம்மா," என்றார். "சேவு தின்ன வந்த ஆளு. நீ எதுவும் என்னைக் கேக்கக் கூடாது, நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது. அவர் சேவைக் கடிக்கும் சத்தம் ஒவ்வொன்றும் அவள் முதுகில் கேட்டது.

சக பயிற்சிப் பொறியாளன் மணிகண்டராஜுக்கு டெலிபோன் பொறுப்பு. சிவகாசி அச்சகக்காரர் காசிராஜனின் ஒரே மகன். அப்பாவின் பிரஸ்ஸில் முதலாளியாக உட்காராமல் சம்பளத்துக்கு வந்தவன் என்று, அவன் வீட்டில் இன்னும் அவனோடு அரைப் பேச்சுத்தான்.

சிவகாசி லைனில் வேலை பார்க்க ஃபோர்மேன் சங்கிலிமுத்து காலையில் வந்து லைன் கிளியர் வாங்கிப் போயிருந்தார். 'என் ஆட்கள் கம்பம் ஏறப் போகிறார்கள், மின்சாரத்தை நிறுத்திக் கொடுங்கள்' என்று ஒருவர் தம் பெயரில் கேட்டு வாங்குவதுதான் லைன் கிளியர். வேலை முடிந்ததும் வாங்கியவரே நேரில் வந்து, 'ஆட்கள் இறங்கிவிட்டார்கள், பாதுகாப்புக்கு மாட்டிய எர்த் கம்பியைக் கழற்றியாகிவிட்டது' என்று சொல்லித் திருப்பித் தர வேண்டும். அதுவரை அந்த லைனுக்கு மின்சாரம் விடும் கைப்பிடியைத் தொடக் கூடாது. அதில் சிவப்பு அட்டை தொங்கும்.

மற்ற லைன்களில் வேலைக்குப் போனவர்களெல்லாம் வந்து சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு சிவப்பு அட்டையாக இறங்கியது. விருதுநகர்ப் பக்கம் மின்சாரம் வந்துவிட்டது. சிவகாசி ஒன்றுதான் பாக்கி. அறிவித்த நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது. வெளியே ஆடிக்காற்று ஜன்னல் கதவை அடித்துச் சாத்தியது.

டெலிபோன் அடித்தது. மணிகண்டராஜ் எடுத்துவிட்டு, ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"இன்னும் விடலை சார்."

"யாருலே அது சாரு? நான் உன் அப்பன் பேசுதேன்," என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் ஏஜெண்டுக கைக்குப் போகணும். ஆறு கலர்ல மிஷின் பாதியில நிக்குது. மை காஞ்சா யாரு தாரது?"

"மேடம் சொன்னாத்தான் சார் விடுவாக."

"எந்த மேடம்?"

"வேல்விழி மேடம்."

"அந்தப் புள்ளகிட்டக் குடு."

மணிகண்டராஜ் வேல்விழியைப் பார்த்தான். அவள் தலையசைக்கவில்லை. "மேடம் வேலையா இருக்காக சார்," என்று சொல்லி வைத்துவிட்டு, "இன்னைக்கு எனக்கு வீட்டுல சோறு கெடையாது," என்றான்.

அப்போதுதான், சங்கிலிமுத்துவோடு வேலைக்குப் போயிருந்த பாண்டிராஜ் உள்ளே வந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளை ஒரே மூச்சில் மிதித்து வந்திருக்க வேண்டும்.

"மேடம், சிவகாசி லைன் வேலை முடிஞ்சிருச்சு. ஆளுக எறங்கியாச்சு. எர்த் கழட்டியாச்சு. விடலாம்."

"சங்கிலிமுத்து அண்ணாச்சி எங்க?"

"அவரு வண்டி பஞ்சர். உருட்டிக்கிட்டு வாராரு. என்னையப் போய்ச் சொல்லிரச் சொன்னாரு."

"அவர் வரட்டும்."

"அவரு பேருக்குத்தான் மேடம் நான் வந்திருக்கேன்."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். நாரணாபுரத்தில் அது சாதாரணம். ஆலையில் கூலி எத்தனை கட்டு என்ற கணக்கில். பெயர் ஒன்று இருக்கும், கை வேறாக இருக்கும். அத்தைக்குக் காய்ச்சல் என்றால் அய்யம்மாள் அத்தை பெயருக்குப் போய் உட்காருவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த வேல்விழியே அம்மா பெயருக்குப் பேப்பர்க் குழாய் சுற்றியிருக்கிறாள். யாரும் கேட்டதில்லை. ஒருவர் பெயருக்கு ஒருவர் நிற்காவிட்டால் அந்தத் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது.

"அவர் பேருக்கு அவர்தான் வரணும்," என்றாள் வேல்விழி.

மூலையில் சேவு கடிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

டெலிபோன் மறுபடி அடித்தது. மணிகண்டராஜ் எடுக்கத் தயங்கி, எடுத்து, "இன்னும் இல்ல சார்" என்று சொல்லி வைத்தான். ஆபரேட்டர்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பாண்டிராஜ் ஓர் எட்டு முன்னால் வந்தான். குரலைத் தணித்தான்.

"வேலு."

ஒரு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவன் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"நேரம் தாண்டிருச்சு புள்ள. உனக்கு மார்க்கு கொறஞ்சிரக் கூடாதுன்னுதான் மிதிச்சு வந்தேன். நான் கண்ணால பாத்துட்டு வாரேன். ஒருத்தன் மேல இல்ல. விடு."

"அண்ணாச்சி வரட்டும்."

"நான் சொல்லுதேன்ல."

"வந்து அவர் சொல்லட்டும்."

அவன் முகம் கறுத்தது. தணிந்த குரல் சட்டென்று உயர்ந்தது. "நான் உன் கூடப் பொறந்தவன். என் சொல்லு போதாதா உனக்கு?"

அறை திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற இரண்டு லைன்மேன்கள் எட்டிப் பார்த்தார்கள். மணிகண்டராஜின் வாய் திறந்தபடி நின்றது. ஒரு வருஷமாக அண்ணனும் தங்கையும் கட்டிக்காத்த மறைப்பு, மறைக்கச் சொன்னவன் வாயாலேயே உடைந்து தரையில் கிடந்தது.

ஆமென்று ஒரு சொல், கைப்பிடியில் ஒரு திருகு. பரீட்சை முடிந்துவிடும். அண்ணன் முகமும் பிழைத்துப்போகும். வேல்விழியின் கை காக்கிக் கோட்டின் நுனியைப் பிடித்துக் கசக்கியது.

"போதாதுண்ணே," என்றாள்.

அவன் வாய் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"நீங்க கண்ணால பாத்தது நெசம்தான். நீங்க கெளம்பி வந்த பெறகு அங்கன என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியா அங்கன நின்ன ஆளு வந்து சொல்லணும்."

பாண்டிராஜ் திரும்பி வெளியே போனான். ஜல்லி பரப்பிய முற்றத்தில் அவன் நடந்துபோகும் சத்தம் கேட்டது. கேட் பக்கம் போய் நின்றது.

"லேட்டானதுக்குக் காரணம் எழுதணும் மேடம்," என்று மூத்த ஆபரேட்டர் மெதுவாகச் சொன்னார். "என்ன எழுத?"

"லைன் கிளியர் திரும்ப வரலைன்னு எழுதுங்க. முடிவு என்னோடதுன்னும் எழுதுங்க."

கனகசபாபதி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் சரியென்றும் இல்லை, தப்பென்றும் இல்லை.

காத்திருந்தார்கள். காசிராஜன் இன்னொரு தடவை கூப்பிட்டார்; இந்தத் தடவை மகனைத் திட்டக்கூடத் தெம்பில்லாத குரலில் கேட்டுவிட்டு வைத்தார்.

பிறகு கேட்டில் ஒரு பால் வேன் வந்து நின்றது. அது முழுதாக நிற்குமுன் சங்கிலிமுத்து குதித்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், ஜல்லியில் தடுமாறி ஓடி வந்தார். வாசல்படியில் கால் இடறிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுரலையே? தாயி, விட்டுரலையே?"

"விடலை அண்ணாச்சி."

சிவப்பு அட்டை தொங்குவதைப் பார்த்தபின்தான் அவர் தரையில் உட்கார்ந்தார்.

"நம்ம ஆளு செல்லப்பாண்டி கம்பத்து மேல நிக்கான்," என்றார். மூச்சு வாங்கியது. "கம்மாய்க்கரைக் கம்பத்துல ஒரு எர்த் கழட்டாம விட்டுப்போச்சு. காத்துல கம்பி சுத்திக்கிட்டதுல கீழயிருந்து தெரியல. பாண்டிராஜ் கெளம்பிப் போன பெறகுதான் செல்லப்பாண்டி பாத்தான். நான் வேண்டாம்னு கத்துததுக்குள்ள ஏறிட்டான். எறங்குலேன்னா, காத்துல அவனுக்குக் காது கேக்கல. பாண்டிராஜ் இந்நேரம் வந்து சொல்லியிருப்பான், நீங்க விட்டுருப்பீகன்னு... ரோட்டுல போற வண்டியெல்லாம் மறிச்சேன் தாயி. ஒருத்தனும் நிக்கல. இந்தப் பால்காரன்தான் நின்னான்."



வாசலில் பாண்டிராஜ் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் வேல்விழியைப் பார்க்கவில்லை. சிவப்பு அட்டையைப் பார்த்தான். பிறகு சங்கிலிமுத்துவின் தோளைத் தொட்டு, "வாங்கண்ணாச்சி, அவனை எறக்குவோம்" என்றான். இருவரும் அதே பால் வேனில் ஏறிப் போனார்கள்.

திரும்பி வந்தது சங்கிலிமுத்து மட்டும். முறையாக நின்று, முறையாகச் சொன்னார். ஆட்கள் எல்லாரும் இறங்கியாச்சு. செல்லப்பாண்டி தம் கண் முன்னாலேயே இறங்கினான். எர்த் கழற்றியாச்சு, கையால் தொட்டுப் பார்த்தாச்சு.

வேல்விழி சிவப்பு அட்டையை எடுத்தாள். கைப்பிடியைத் திருகினாள். முற்றத்தில் தொம்மென்று ஒரு சத்தம். மீட்டர் முள் எழுந்து, ஆடி, நின்றது.

டெலிபோன் அடித்தது. மணிகண்டராஜ் எடுத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவள் காதில் வைத்தான். முதலில் ஒரே இரைச்சல். பிறகு புரிந்தது. தடக் தடக்கென்று வேகமெடுக்கும் அச்சு மிஷின்கள். அதற்கு நடுவே காசிராஜனின் குரல்.

"யம்மா, விஷயம் கேள்விப்பட்டேன். பால்காரன் வந்து சொன்னான். மை போனாப் போகுது, வேற ஊத்திக்கிடலாம். நீ நல்லா இருக்கணும் தாயி." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டார். "எம் மகன் அங்கன வேலை கத்துக்கிடுதானா, இல்ல போன்தான் எடுக்கானா?"

"ரெண்டும் நல்லாச் செய்றாங்க அண்ணாச்சி."

மணிகண்டராஜின் காது சிவந்ததை அவள் கவனித்தாள். கவனித்ததை அவனும் கவனித்தான். இருவரும் அவசரமாக மீட்டரைப் பார்த்தார்கள்.

கனகசபாபதி எழுந்து, சேவுப் பொட்டலத்தை மேஜைமேல் அவள் முன்னால் வைத்தார். ஒரு வருஷத்தில் அவர் யாருக்கும் சேவு நீட்டியதாகச் சரித்திரம் இல்லை.

"இனி நீ டிரெய்னி இல்ல. உத்தரவு தானா வரும்," என்றார். "மேட்டூர்ல பெரிய ஸ்டேஷன், அங்கேயே போய்த் தங்கணும். ஷிஃப்டுக்குப் பொறுப்பா ஒரு ஆள் கேட்டிருக்காங்க. உன் பேரைத்தான் சொல்லப் போறேன். திங்கட்கிழமை சம்மதம் சொல்லு. இந்த மாதிரி வாய்ப்பு ரெண்டாவது தடவை வராதும்மா."

*

அவள் வீடு வந்து சேருமுன் சேதி இரண்டு வடிவத்தில் வந்து சேர்ந்திருந்தது.

"டீக்கடைக்காரன் வந்து, உம் மக ஊரு முன்னாடி அண்ணன் சொல்லு போதாதுன்னு சொல்லிட்டாங்கான்," என்றாள் அய்யம்மாள். "வெளக்குமாத்தை எடுத்து வச்சுட்டு உக்காந்திருந்தேன். பத்து நிமிஷத்துல செல்லப்பாண்டி பொண்டாட்டி சோலையம்மா, கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து, எம் பிள்ளைக்கு அப்பன் இருக்கான்க்கான்னு என் காலைக் கட்டிக்கிட்டு அழுதா. நான் வெளக்குமாத்தை எங்கன கொண்டுபோய் வைக்க?"

"அடிக்கணும்னா அடிச்சிக்கோம்மா. வேலை நிரந்தரமாயிருச்சு."

அய்யம்மாள் மகளை இழுத்துத் தலையோடு தலை முட்டிக்கொண்டாள். அடுப்படியிலிருந்து சீனிச்சாமி எட்டிப் பார்த்தார். தழும்பேறிய கையில் கரண்டி. மகளுக்காகக் கோழிக் குழம்பு அவர் பொறுப்பு.

"என் மக கை ஆடலைல்லா?" என்றார்.

"ஆடுச்சுப்பா. கோட்டைப் புடிச்சுக்கிட்டேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். சோலையம்மாள் மறுபடி வந்து பிள்ளையை வேல்விழி மடியில் போட்டாள். பிள்ளை புதுச் சுடிதாரை நனைத்தது. எல்லாரும் அதையும் நல்ல சகுனம் என்றார்கள்.

மேட்டூரைப் பற்றி அவள் இன்னும் சொல்லவில்லை. சாப்பிட்டபின் சொல்லலாம் என்றிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாண்டிராஜ் வந்தான். கையில் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாப் பொட்டலம். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நேரே கொல்லைப்புறம் போய்த் துவைகல் மேல் உட்கார்ந்தான். வேல்விழி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள்.

"செல்லப்பாண்டி என்ன சொன்னாக?"

"என்ன சொல்லுவான்? கீழ எறங்கி ஒரு பீடிய எடுத்தான். பத்த வைக்க முடியல. மூணு குச்சி வீணாப் போச்சு." முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். "நான் வந்து சொன்னதும் நீ விட்டிருந்தா, அவனைக் கொன்னது நான்தான் புள்ள. நீ இல்ல."

"அதான் விடலையேண்ணே."

"நம்ம ஊருப் பழக்கத்துல வந்துட்டேன். ஒருத்தன் பேருக்கு ஒருத்தன் போறதுதானேன்னு. கரண்டுக்கு அண்ணன் தம்பி தெரியாதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. ஆறு வருசமா கம்பம் ஏறுதேன். எதை ஏன் செய்யுதோம்னு தெரியாமத்தான் ஏறுதேன்."

"எல்லார் முன்னாலயும் போதாதுன்னு சொல்லிட்டேன். கோவமா?"

"அந்நேரம் இருந்துச்சு. கேட்டுல நின்னு, இனிமே உம் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். சங்கிலிமுத்து ஓடியாந்தாருல்ல, அப்பப் போச்சு." துண்டால் முகத்தைத் துடைத்தான். "வெளிய நிக்கும்போது ஒருத்தன் கேட்டான், அது உன் தங்கச்சியான்னு. ஆமான்னேன். ஒரு வருசமாச் சொல்லாம விட்டேனே, மடப்பய."

வேல்விழிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. உள்ளே அம்மா புரோட்டாவைப் பிய்த்துப் போடச் சொல்லி அப்பாவை அதட்டுவது கேட்டது. இப்போது சொல்லிவிடலாம். மேட்டூர், திங்கட்கிழமை.

"அண்ணே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு. நான் மொதல்ல சொல்லிருதேன். இல்லைன்னா இன்னைக்கும் சொல்ல மாட்டேன்."

அவன் துண்டை உதறினான். மடித்தான். மறுபடி பிரித்தான். பெண் கேட்டுப் போன வீட்டில்கூட இவன் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்குப் படிப்பு ஏறலைன்னு சொன்னேன்ல, அது பொய்யி," என்றான். "பாலிடெக்னிக்குல வேலைக்குப் போறவங்களுக்குன்னு சாயந்தர வகுப்பு இருக்காம். விசாரிச்சு வச்சு மூணு வருசம் ஆச்சு. கணக்கெல்லாம் மறந்துபோச்சு. வேற யாருகிட்டயும் போயி நின்னு கேக்க எனக்கு வெக்கமா இருக்கு."

தலையை நிமிர்த்தி, அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"தெனமும் வேலை முடிஞ்சு வந்து உன் முன்னால உக்காருதேன். என்னையப் படிக்க வைக்கியா, வேலு?"